பாமாயில் கொடுத்து வாங்கிய போர் விமானம்

ரேஷன் கடையில் பாமாயில் பாக்கெட்டை வாங்கிப் பையில் போடும்போது, இதைக் கொடுத்துப் போர் விமானமும் வாங்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. இந்தோனேசியாவுக்குத் தோன்றியது. 2003-ல் அந்த நாடு ரஷ்யாவிடம் நான்கு சுகோய் போர் விமானங்களும் இரண்டு தாக்குதல் ஹெலிகாப்டர்களும் வாங்கியது. விலையில் பெரும்பகுதியைப் பாமாயில் முதலான விளைபொருள்களாகத் தருவதாக ஒப்பந்தம். பேரத்தில் முன்னால் நின்றது ‘புலோக்’ என்ற அரசு நிறுவனம். அரிசி கொள்முதல் செய்து கிடங்கில் வைப்பதுதான் அதன் வேலை. நம் ஊர் நுகர்பொருள் வாணிபக் கழகம் போர் விமானம் வாங்கக் கிளம்பினால் எப்படி இருக்கும்? பாதுகாப்பு அமைச்சகத்தைத் தாண்டி இது எப்படி நடந்தது என்று கேட்டு ஜகார்த்தா நாடாளுமன்றத்தில் விசாரணையே வைத்தார்கள்.

இப்படி ஒரு வழியில் விமானம் வாங்க வேண்டி வந்ததற்குக் காரணம், அப்போது அமெரிக்கா இந்தோனேசிய ராணுவத்துக்கு ஆயுதமோ உதிரிபாகமோ தருவதில்லை என்று கதவைச் சாத்தியிருந்ததுதான். அந்தக் கதவு 2005 நவம்பரில் திறந்தது. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. தடை நீங்கிய ஒரு நாடு தன் பழைய விமானப்படையைப் புதுப்பிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஈரானைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அங்கே தடை போவதும் வருவதுமாக இருப்பதால், நீங்கினால் என்ன ஆகும் என்பதைப் பார்க்கவே வாய்ப்பு கிடைக்கவில்லை. இந்தோனேசியாவில் தடை உண்மையிலேயே நீங்கியது.

முதலில், தடை என்பது ஒரு விமானத்தை என்ன செய்யும் என்று பார்ப்போம்.

புது விமானம் வாங்க முடியாமல் போவது சிறிய விஷயம். இருக்கிற விமானம் பறக்க முடியாமல் போவதுதான் பெரிய அடி. போர் விமானத்தின் டயர் நம் லாரி டயர் போல வருடக்கணக்கில் உழைக்காது. சில பத்து முறை தரையிறங்கினாலே மாற்ற வேண்டும். எஞ்சினுக்குள் கொதிக்கும் காற்றில் சுழலும் தகடுகளுக்கு இத்தனை மணி நேரம்தான் ஆயுள் என்று கணக்கு உண்டு. ஹைட்ராலிக் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல்கள், பறந்தாலும் பறக்காவிட்டாலும் வயதாகிக் கெட்டிப்படும். எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பாக இருப்பது விமானியின் இருக்கை. ஆபத்தில் விமானி இருக்கையோடு வெளியே பாய வேண்டுமல்லவா, அதற்காக அந்த இருக்கையில் சிறு வெடிமருந்துக் குப்பிகள் வைத்திருப்பார்கள். மாத்திரை அட்டையில் அச்சடித்திருப்பது போல அவற்றுக்கும் காலாவதித் தேதி இருக்கிறது. தேதி தாண்டினால், எஞ்சின் புத்தம்புதிதாக இருந்தாலும் மனசாட்சியுள்ள எந்த அதிகாரியும் விமானியை அதில் ஏற்ற மாட்டார்.

இவற்றை வேறு கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்றால், முடியாது. போர் விமானம் விற்கும்போதே, இதை வேறு யாருக்கும் கைமாற்ற மாட்டேன், அதன் உதிரிபாகத்தையும் தர மாட்டேன் என்று வாங்குபவரிடம் விற்கும் நாடு எழுதி வாங்கிக்கொள்ளும். அதே விமானத்தை வைத்திருக்கும் பக்கத்து நாடு நம்மீது இரக்கப்பட்டாலும், ஒரு போல்ட்டைக்கூட சட்டப்படி தர முடியாது. மிச்சம் இருப்பது இரண்டே வழி. ஒன்று, கள்ளச் சந்தை. இரண்டு, டெப்போவில் செய்வது. அரசு பஸ் டெப்போவின் பின்பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு பஸ் ஓரமாக நிற்கும். இன்று அதன் கண்ணாடி போகும், நாளை கியர் பாக்ஸ் போகும், கடைசியில் கூடு மட்டும் நிற்கும். அதன் புண்ணியத்தில் மற்ற நான்கு பஸ்கள் ஓடும். இந்தோனேசிய விமானப்படையில் இதற்குக் ‘கனிபால்’ என்றே பெயர். ஒன்றைத் தின்று இன்னொன்று பறக்கிறது.

இந்த அனுபவம் அவர்களுக்கு ஒருமுறைக்கு இருமுறை வாய்த்தது என்பதுதான் கதையின் விசேஷம்.

1960களின் தொடக்கத்தில் அதிபர் சுகர்னோவின் இந்தோனேசியா, உலகின் தென்பாதியிலேயே பலமான விமானப்படைகளில் ஒன்றை வைத்திருந்தது. மேற்கு நியூகினி யாருக்கு என்று டச்சுக்காரர்களோடு மோதல். சோவியத் ஒன்றியம் தாராளமாகக் கடன் கொடுத்தது. மிக்-21 வந்தது, டி.யு-16 என்ற கனரக குண்டுவீச்சு விமானம் இருபதுக்கும் மேல் வந்தது. 1965-ல் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி, அதன் பின்னே கம்யூனிஸ்டுகள் மீது நடந்த பெரும் கொலைகள், பின்னர் அதிபரான தளபதி சுகார்த்தோவின் எழுச்சி. மாஸ்கோவோடு உறவு கசந்தது. உதிரிபாகம் நின்றது. நாலைந்து ஆண்டுகளுக்குள் அந்தப் பலமான படை தரையில் உட்கார்ந்துவிட்டது. ஒரு டி.யு-16 இன்றும் யோக்யகர்த்தா விமானப்படை அருங்காட்சியகத்தில் வெயில் காய்கிறது. சில மிக்-21கள் அமெரிக்காவின் கைக்குப் போயின. நெவாடா பாலைவனத்தில் அமெரிக்க விமானிகளுக்கு எதிரி விமானம் எப்படி இருக்கும் என்று காட்ட, ரகசியப் படைப்பிரிவு ஒன்று அவற்றை ஒட்டுப்போட்டுப் பறக்க வைத்தது. இந்தோனேசியாவில் பறக்காதது அங்கே பறந்தது!

அடுத்து அமெரிக்கப் பக்கம் சாய்ந்தார்கள். எஃப்-5 வந்தது. தூதரக உறவே இல்லாத இஸ்ரேலிடமிருந்து முப்பதை ஒட்டிய எண்ணிக்கையில் பழைய ஸ்கைஹாக் விமானங்களை அமெரிக்க ஆசியோடு ரகசியமாக வாங்கினார்கள். உலகத்தின் மிகப் பெரிய முஸ்லிம் நாடு இஸ்ரேலிடம் விமானம் வாங்கியது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் வெளியே வந்தது. 1989, 90-ல் 12 புத்தம்புது எஃப்-16கள் கிழக்கு ஜாவாவின் மாடியூன் தளத்துக்கு வந்தன. அந்தப் பகுதியில் அன்று அது பெருமைக்குரிய சேர்க்கை.

பெருமை நீண்ட நாள் நிற்கவில்லை. 1991 நவம்பரில், இந்தோனேசியாவின் பிடியில் இருந்த கிழக்குத் திமோரின் டிலி நகரில், சாந்தா க்ரூஸ் கல்லறைத் தோட்டத்துக்கு ஊர்வலமாக வந்த மக்கள் மீது இந்தோனேசியப் படையினர் சுட்டார்கள். வெளிநாட்டுச் செய்தியாளர் எடுத்த படக்காட்சி உலகமெங்கும் ஓடியது. அமெரிக்க காங்கிரஸ் முதலில் ராணுவப் பயிற்சி உதவியை வெட்டியது. இது சிறிய தண்டனை போலத் தெரியும். ஆனால் வேலை தெரிந்த கைகள் உருவாவது அங்கேதான். ஒரு தலைமுறை அதிகாரிகள் அந்தப் பயிற்சியைப் பார்க்காமலேயே வளர்ந்தார்கள்.

நடுவே ஒரு வேடிக்கை. 1996 வாக்கில் ஒன்பது எஃப்-16களை இந்தோனேசியாவுக்கு விற்கிறோம் என்றது அமெரிக்கா. அவை யாருடையவை தெரியுமா? பாகிஸ்தான் பணம் கட்டி, அதன் அணுத் திட்டத்தால் 1990-ல் வந்த தடையில் சிக்கி, அரிசோனா பாலைவனத்தில் நின்றுகொண்டிருந்த 28 விமானங்களில் ஒன்பது. தடைபட்ட நாட்டின் விமானத்தை, தடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நாட்டின் தலையில் கட்டப் பார்த்தார்கள். மனித உரிமைக் கண்டனங்களால் கோபமடைந்த சுகார்த்தோ 1997-ல் வேண்டாம் என்றார். பதிலுக்கு ரஷ்யாவிடம் 12 சுகோய் வாங்கத் தீர்மானித்தார். அதற்குள் ஆசிய நிதி நெருக்கடி வந்து ரூபியா சரிந்தது, திட்டமும் சரிந்தது, அடுத்த ஆண்டு சுகார்த்தோவும் போனார்.

1999 ஆகஸ்ட் 30-ல் கிழக்குத் திமோர் மக்கள் விடுதலைக்கு வாக்களித்தார்கள். அதைத் தொடர்ந்து, ராணுவத்தின் ஆதரவோடு இயங்கிய கும்பல்கள் ஊர்களைக் கொளுத்தின. செப்டம்பரில் அமெரிக்கா ராணுவ உறவையே நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியமும் ஆயுதத் தடை போட்டது. அது நான்கு மாதத்தில் முடிந்தது. அமெரிக்கத் தடைதான் ஆறு ஆண்டு நீண்டது.

அந்த ஆறு ஆண்டில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொன்னால் போதும்.

2003 ஜூலை 3. ஜாவா கடலில் பாவியன் தீவுக்கு மேலே அமெரிக்கக் கடற்படையின் எஃப்-18 விமானங்கள் பறந்தன. அருகே விமானம்தாங்கிக் கப்பல் ஒன்று போய்க்கொண்டிருந்தது. யார் அது என்று பார்த்து வர மாடியூனிலிருந்து இரண்டு எஃப்-16களை அனுப்பினார்கள். பறக்கும் நிலையில் இருந்ததே சில விமானங்கள்தான். அமெரிக்கர்கள் தங்கள் ரேடாரை இவர்கள் மீது பூட்டினார்கள்; சுடத் தயார் என்று அதற்கு அர்த்தம். இந்தோனேசியத் தரப்பு சொல்வதன்படி, அவர்களுடைய விமானி இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டி, சண்டைக்கு வரவில்லை என்று காட்டினார். பதற்றம் தணிந்தது. அமெரிக்கா விற்ற விமானத்தில், அமெரிக்கா உதிரிபாகம் தர மறுத்த விமானத்தில், தன் நாட்டு வானத்தில், அமெரிக்க விமானத்துக்கு இறக்கையை ஆட்டிக் காட்டும் நிலை. பாமாயில் சுகோய்கள் சில வாரங்களில் வந்து இறங்கின. வந்தபோது அவற்றுக்கு ஏவுகணைகள் இல்லை என்பது வேறு கதை. அந்தக் குறை தீரப் பல ஆண்டுகள் பிடித்தன.

இரண்டாவது, 2004 டிசம்பர் 26. நாகப்பட்டினத்தையும் கடலூரையும் வாரிச் சுருட்டிய அதே அலை, சுமத்ராவின் அச்சே மாநிலத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. சாலைகள் அறுந்துபோயிருந்தன, மருந்தும் சோறும் விமானத்தில்தான் போக வேண்டும். அதற்கென்றே பிறந்த சரக்கு விமானம் சி-130 ஹெர்குலிஸ். இந்தோனேசியாவிடம் இருபதுக்கும் மேல் இருந்தன. பெரும்பகுதி உதிரிபாகம் இல்லாமல் நின்றன. ஜெனரல்களுக்குப் போட்ட தடையில் அச்சே மக்கள் மாட்டிக்கொண்டார்கள். அடுத்த மாதமே அமெரிக்கா ஹெர்குலிஸ் உதிரிபாகங்களுக்கு மட்டும் தடையைத் தளர்த்தியது. முழுத் தடை 2005 நவம்பரில் போனது. பயங்கரவாத எதிர்ப்பில் ஜகார்த்தாவின் ஒத்துழைப்பு வாஷிங்டனுக்குத் தேவைப்பட்டதும் அதற்கு ஒரு காரணம்.

சரி, கதவு திறந்தது. பிறகு?

உடனே நடந்தது பெரிதாக ஒன்றுமில்லை. தடைக்காலத்தில் நின்றுபோன விமானத்தைத் தூசி தட்டி ஓட்டிவிட முடியாது. பிரித்துப் பார்த்து, உடல் உலோகத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று சோதித்து, எஞ்சினைத் தொழிற்சாலைக்கு அனுப்பி, வரிசையில் காத்திருந்து, பணம் கட்டி வாங்கி வர வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். இந்தோனேசியா ராணுவத்துக்குச் செலவிடுவது நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. கிழக்கிலிருந்து மேற்கே ஐயாயிரம் கிலோமீட்டர் நீளம், 17,000-க்கும் மேற்பட்ட தீவுகள், அதற்கு இந்தப் பட்ஜெட். பழையதைக் கழிக்கவும் மனம் வராது. 2015 ஜூன் 30 அன்று மேடான் நகரக் குடியிருப்பில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்த ஹெர்குலிஸ், 1964-ல் வாங்கியது. அன்று அதற்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

2011 நவம்பரில் பாலிக்கு வந்த ஒபாமா, 24 பழைய எஃப்-16களைத் தருவதாக அறிவித்தார். விமானம் இலவசம், புதுப்பிக்கும் செலவு மட்டும் உங்களுடையது என்றார்கள். அந்தச் செலவு ஏறத்தாழ 75 கோடி டாலர். ஜகார்த்தாவில் நல்ல வாக்குவாதம் நடந்தது. ஆறு புதுசு வாங்குவதா, 24 பழசு வாங்குவதா? எண்ணிக்கை வென்றது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆறு விமானத்தில் இரண்டு எப்போதும் பராமரிப்பில் இருக்கும், ஒன்று பயிற்சிக்குப் போகும். மிச்சம் மூன்றை வைத்து ஐயாயிரம் கிலோமீட்டர் வானத்தைக் காப்பது எப்படி?

புதுப்பிப்பது என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிடுவது நல்லது. வீட்டைப் புதுப்பிப்பது மாதிரிதான். சுவர் உறுதியாக இருந்தால் வயரிங்கை மாற்றலாம், குழாயை மாற்றலாம். விமானத்தின் சுவர் என்பது அதன் உலோக உடல். ஒவ்வொரு கூர்மையான திருப்பத்திலும் அது கொஞ்சம் களைக்கிறது. எத்தனை மணி நேரம் பறந்தது என்பதோடு எவ்வளவு முரட்டுத்தனமாகப் பறந்தது என்பதையும் சேர்த்து அந்தக் களைப்பைக் கணக்கிடுவார்கள். களைத்த இடங்களில் புதுத் தாங்கிகள் வைத்துப் பலப்படுத்திவிட்டு, உள்ளே கணினி, ரேடார், வானொலி, ஏவுகணையோடு பேசும் கருவிகள் என்று மாற்றுவார்கள். இப்படிச் செய்தால் முப்பது வயது விமானம் இன்னும் பதினைந்து, இருபது வருடம் தாக்குப்பிடிக்கும். 1989-ல் வந்த முதல் எஃப்-16களில் மிஞ்சியவற்றுக்கும் பிறகு இந்தச் சிகிச்சை நடந்தது. அதில் கவனிக்க வேண்டியது, வேலை மாடியூனிலேயே நடந்தது, இந்தோனேசிய டெக்னீஷியன்களின் கையால் நடந்தது என்பது. தடைக்காலத்தில் தொலைந்துபோன திறமை அப்படித்தான் மெல்லத் திரும்பி வந்தது. 2020 ஜனவரியில் நதுனா தீவுகளுக்கு அருகே சீன மீன்பிடிப் படகுகளும் கடலோரக் காவல் கப்பல்களும் வந்தபோது அங்கே அனுப்பப்பட்டவை எஃப்-16கள்தான்.

ஆக, தடை நீங்கிய நாடு தன் விமானப்படையைப் புதுப்பிக்க முடியுமா என்றால், முடியும். அவ்வளவு தூரம் இந்தோனேசியா காட்டிவிட்டது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தடை காகிதத்தில் போய்விடுகிறது, மனதில் இருந்து போவதில்லை.

ஒருமுறை கடைக்காரர் பாதி மாதத்தில் கடனை நிறுத்திவிட்டால், குடும்பத்தலைவி என்ன செய்வாள்? அரிசிக்கு ஒரு கடை, பருப்புக்கு ஒரு கடை, எண்ணெய்க்கு ஒரு கடை என்று பிரித்துக்கொள்வாள். இந்தோனேசியாவும் அதைத்தான் செய்தது. அமெரிக்காவின் எஃப்-16 இருக்கட்டும், ரஷ்யாவின் சுகோயும் இருக்கட்டும். நான்கில் தொடங்கிய சுகோய்கள் 2013-க்குள் 16 ஆகி, மக்காசர் தளத்தில் நின்றன. பிரிட்டனின் ஹாக் ஏற்கெனவே உண்டு. கொரியாவின் டி-50 பதினாறு. பிரேசிலின் சூப்பர் துகானோ பதினாறு. யார் கோபித்துக்கொண்டாலும் படை முழுவதும் தரையில் உட்காராது. அரசியல் கணக்கில் இது புத்திசாலித்தனம்.

ஒர்க்‌ஷாப் கணக்கில் இது தலைவலி. எஃப்-16 மெக்கானிக்குக்கு சுகோயின் எஞ்சின் தெரியாது. கருவி வேறு, எண்ணெய் வேறு, கையேட்டின் மொழி வேறு. ஒவ்வொரு ரகத்துக்கும் தனிக் கிடங்கு, தனிப் பயிற்சி. அமெரிக்க ஏவுகணையை ரஷ்ய விமானத்தில் மாட்ட முடியாது. அமெரிக்க விமானங்கள் தங்களுக்குள் ரகசியமாகத் தகவல் பரிமாறும் வலையில் ரஷ்ய விமானம் சேர முடியாது. ஒரு போர் விமானத்தின் வாழ்நாள் செலவில் மூன்றில் ஒரு பங்குதான் வாங்கும் விலை என்பார்கள். மிச்சமெல்லாம் அதைப் பறக்க வைக்கும் செலவு. ஒரு யானையைக் கட்டித் தீனி போடுவதே பெரிய பாடு. இங்கே ஐந்து ஊரிலிருந்து ஐந்து யானை, ஒவ்வொன்றுக்கும் வேறு தீனி.

அதோடு, கடையைப் பிரித்துக்கொண்டாலும் முழுப் பாதுகாப்பு கிடைத்துவிடவில்லை. 2018 பிப்ரவரியில் ரஷ்யாவிடம் 11 சுகோய்-35 வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். 114 கோடி டாலர். பாதியைப் பாமாயில், காபி, ரப்பர் என்று சரக்காகத் தருவதாக மறுபடியும் பண்டமாற்று. ஒரு விமானம்கூட வரவில்லை. 2017-ல் அமெரிக்கா போட்ட ‘காட்சா’ சட்டம், ரஷ்யாவிடம் பெரிய அளவில் ஆயுதம் வாங்குபவர்களையும் தண்டிக்கும். சீனாவும் துருக்கியும் அதில் அடிபட்டதை ஜகார்த்தா பார்த்துக்கொண்டிருந்தது. 2021 டிசம்பரில், அந்த விமானத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று விமானப்படைத் தளபதியே சொல்லிவிட்டார். இந்தோனேசியா மீது தடை இல்லை. விற்பவர் மீது தடை. விளைவு என்னவோ ஒன்றுதான்.

இந்த இடத்தில் மேடைக்கு வருகிறார் பிரபோவோ சுபியாந்தோ. சுகார்த்தோவின் முன்னாள் மருமகன், சிறப்புப் படைத் தளபதியாக இருந்தவர். மனித உரிமைக் குற்றச்சாட்டுகளால் இவருக்கே அமெரிக்கா நீண்ட காலம் விசா தரவில்லை. 2019-ல் பாதுகாப்பு அமைச்சரானார். அடுத்த ஆண்டு அக்டோபரில் பென்டகனுக்கு விருந்தாளியாகப் போனார். தடை என்றால் என்னவென்று சொந்த அனுபவத்தில் தெரிந்த மனிதர் ஷாப்பிங் கிளம்பினால் எப்படி இருக்கும்? 2022 பிப்ரவரியில் பிரான்ஸிடம் 42 ரஃபேல், சுமார் 810 கோடி டாலர். 2023-ல் கத்தாரிடம் 12 பழைய மிராஜ். அடுத்த ஜனவரியில், பணம் இல்லை என்று அதைத் தள்ளிவைத்தார்கள். அமெரிக்காவிடம் 24 வரை எஃப்-15 வாங்கப் புரிந்துணர்வு. 2024-ல் அவர் அதிபரானார். 2025-ல் துருக்கியிடம் இன்னும் முழுதாகத் தயாராகாத ‘கான்’ விமானம் 48 என்று அறிவிப்பு. கொரியாவோடு சேர்ந்து உருவாக்கும் கே.எஃப்-21 திட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குச் செலவை ஏற்பதாக ஒப்புக்கொண்டு, தவணை பாக்கி வைத்து, கடைசியில் பங்கை ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைத்துக்கொண்டார்கள். பங்குக்கு ஏற்ப, கிடைக்கும் தொழில்நுட்பமும் குறையும்.

பட்டியல் நீளமாக இருந்தாலும் இதில் கனமானது ரஃபேல் மட்டும்தான். ஏன் ரஃபேல் என்பதற்கு வயிற்றைப் பார்க்க வேண்டும், அதாவது எஞ்சினை. துருக்கியின் கான் இப்போதைக்குப் பறப்பது அமெரிக்க எஞ்சினில். கொரியாவின் கே.எஃப்-21, டி-50 இரண்டிலும் அமெரிக்க எஞ்சின். சுவீடனின் கிரிபெனிலும் அமெரிக்க வடிவமைப்பில் பிறந்த எஞ்சின். மூக்கில் எந்த நாட்டுக் கொடி இருந்தாலும், வாஷிங்டன் தலையாட்டாமல் இவை கைமாறாது. அமெரிக்காவும் வேண்டாம், ரஷ்யாவும் சீனாவும் வேண்டாம் என்றால், எஞ்சின் முதல் ஏவுகணை வரை பெரும்பாலும் தன் சரக்கையே வைத்திருக்கும் கடை பிரான்ஸ் ஒன்றுதான். அதற்கான விலையை அவர்களும் கூசாமல் கேட்கிறார்கள்.

எஞ்சின் விஷயத்தில் நாமும் சூடு பட்டவர்கள்தான். 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு சோதித்ததும் அமெரிக்கா தடை போட்டது. தேஜஸ் விமானத்தின் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக அமெரிக்க நிறுவனம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்த நம் பொறியாளர்களை வெளியேற்றினார்கள். கருவிகளும் அங்கேயே மாட்டிக்கொண்டன. பெங்களூரில் அதை நாமே எழுதி முடித்து, 2001 ஜனவரியில் தேஜஸ் பறந்தது. இன்று கோவைக்கு அருகே சூலூரில் நிற்கிற தேஜஸ் விமானங்களின் பிறவிக் கதையில் இப்படி ஒரு தடை இருக்கிறது. ஆனாலும் அதன் எஞ்சின் இன்றும் அமெரிக்காவிலிருந்துதான் வருகிறது. அடுத்த ரகத் தேஜஸ்கள் தாமதமானதற்கு, அந்த எஞ்சின்கள் நேரத்துக்கு வராதது ஒரு முக்கியக் காரணம். அதற்குத் தடை எதுவும் தேவைப்படவில்லை. சப்ளையில் கோளாறு, அவ்வளவுதான்.

தென்னாப்பிரிக்காவையும் சொல்லாமல் விட முடியாது. நிறவெறி ஆட்சி மீது 1977-ல் ஐ.நா. கட்டாய ஆயுதத் தடை போட்டது. தடைக்காலத்தில் அவர்கள் பழைய மிராஜ்களைப் பிரித்து மேய்ந்து ‘சீட்டா’ என்ற விமானமாக மாற்றிப் பறந்தார்கள். 1994-ல் மண்டேலா வந்தார், தடை நீங்கியது. 1999-ல் பெரும் ஊழல் புகார்களோடு கூடிய ஆயுத ஒப்பந்தத்தில் சுவீடனின் கிரிபென் வாங்கினார்கள். 26 விமானங்களும் 2012-க்குள் வந்து சேர்ந்தன. நவீன விமானம் வந்தது, எந்த நாடும் தடுக்கவில்லை. பிறகு பராமரிப்புக்குப் பட்ஜெட் இல்லை. பாதியைக் கிடங்கில் வைத்தார்கள். 2021 செப்டம்பரில் பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாமல் மொத்தக் கிரிபென்களும் தரையில் உட்கார்ந்தன. ஏறத்தாழ ஓராண்டு எழுந்திருக்கவில்லை. தடையின்போது அரும்பாடுபட்டுப் பறந்த விமானப்படை, தடை நீங்கிப் புது விமானம் வந்த பிறகு பறக்கவில்லை. எந்த எதிரியும் செய்ய முடியாததைப் பட்ஜெட் செய்து முடித்தது.

ஈரானுக்குக் கிடைத்ததோ வேறு பாடம். 2015 அணு உடன்பாட்டுக்குப் பிறகு, பயணிகள் விமானத்துக்கான தடை தளர்ந்தது. ஏர்பஸ்ஸிடம் நூறு, போயிங்கிடம் எண்பது என்று ஆர்டர் போட்டார்கள். 2018 மே மாதம் டிரம்ப் உடன்பாட்டிலிருந்து விலகினார். அதற்குள் வந்து சேர்ந்திருந்த ஏர்பஸ் விமானங்கள் மூன்றே மூன்று; போயிங்கிலிருந்து ஒன்றுகூட இல்லை. போர் விமானப் பக்கம், மன்னர் ஷா காலத்தில் வாங்கிய எஃப்-14, எஃப்-4 ரகங்களைத்தான் இழுத்து ஓட்டினார்கள். விமானம் தயாராக வருடங்கள் ஆகும். ஆட்சி மாற ஒரு தேர்தல் போதும்.

இந்தோனேசியா இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தென்னாப்பிரிக்கா போல முடங்கவில்லை, ஈரான் போலக் கதவுக்கு வெளியே நிற்கவும் இல்லை. அதன் விமானப்படை 2004-ல் இருந்ததைவிட நிச்சயமாக நல்ல நிலையில் இருக்கிறது. ஆனால் பாதிப் பயம், பாதிப் பட்ஜெட் என்று சேர்த்த கதம்பப் படை அது. ரஃபேல் நாற்பத்திரண்டும் வந்த பிறகு, பழைய ரகங்களில் இரண்டு மூன்றையாவது கழித்துக்கட்டி, மிச்சமாகும் பணத்தைக் கிடங்கிலும் மெக்கானிக்குகள் மீதும் போட்டால், 1960களுக்குப் பிறகு முதல்முறையாக அது முழு விமானப்படை ஆகும். இதையும் வைத்துக்கொண்டு துருக்கியையும் அமெரிக்காவையும் சேர்த்துக்கொண்டே போனால், யோக்யகர்த்தா அருங்காட்சியகத்துக்கு இன்னும் சில ரகங்கள் போகும்.

இனி, தடை நீங்கிய ஏதாவது ஒரு நாடு இத்தனை நூறு கோடிக்குப் போர் விமானம் வாங்குகிறது என்று பேப்பரில் படித்தால், அந்தச் செய்தியில் பராமரிப்பு ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு என்ற வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.